பண்புசார் ஆராய்ச்சி: ஸ்தாபன மனோதத்துவத்திலும் நிர்வாகத்திலும்

ஒரு ஸ்தாபனத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு உற்பத்தி நடக்கிறது, ஆண்டுக்கு எத்தனை பேர் விலகிப் போகிறார்கள் என்று எண்ணிக் கணக்கிடுவதோடு நில்லாமல், அங்கே உழைப்பவர்களும் அதை நாடி வருபவர்களும் தங்கள் காரியங்களுக்கு என்ன அர்த்தம் கொள்கிறார்கள் என்பதை, அவர்களோடு பேசியும், உடனிருந்து பார்த்தும், அவர்கள் எழுதி வைத்த ஏடுகளைப் படித்தும் அறிய முயலும் முறை பண்புசார் ஆராய்ச்சி எனப்படும். எண்சார் ஆராய்ச்சிக்கு இது பகையன்று. எண் எங்கே வாய் மூடுகிறதோ அங்கே இது பேசத் தொடங்குகிறது என்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கையும் தேனியையும்விடத் தெளிவான சாட்சியங்களைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது.

இம்முறையின் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த ஹாதார்ன் ஆலையில், விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று 1924இல் தொடங்கிய பரிசோதனை விடை தராமல் போகவே, 1928 முதல் தொழிலாளரைப் பேட்டி காணத் தலைப்பட்டார்கள். வகுத்து வைத்த கேள்விகளைக் கேட்பதைவிட, தொழிலாளி தாம் விரும்பியதைத் தாமே பேசும்படி விட்டுவிடுவது மேல் என்று பேட்டி கண்டவர்கள் விரைவிலேயே உணர்ந்தார்கள். அவர்கள் கேட்டறிந்த தொழிலாளர் இருபதினாயிரத்துக்கு மேல். இந்தியாவில் ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தறிக்கூடத்தில், சிறு குழுக்கள் தம் வேலையைத் தாமே பங்கிட்டுக் கொள்வதை உடனிருந்து ஆராய்ந்தார். கோயமுத்தூர்ப் பஞ்சாலைத் தொழிலாளரையும் அவர்களுடைய சங்கத்தையும் பற்றி ஈ. ஏ. ராமசுவாமி எழுதிய நூல் 1977இல் வெளிவந்தது.

தேனியின் விஷயத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் செழித்து, நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் வாயிலில், தேனி இன்னும் மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இருந்த 1985ஆம் ஆண்டில், அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிளையொன்றை நிறுவியது. டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டு, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய ஸ்தாபனம் அது. பணமில்லாதவருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்வது அதன் ஆதாரக் கொள்கை. ஆனால், சிகிச்சை இலவசம் என்று கிராமங்களில் நடத்திய கண் முகாமில் அறிவித்த பிறகும், அறுவை செய்தால் பார்வை வரும் என்று மருத்துவரே சொன்ன பிறகும், கண் தெரியாத மனிதர் ஏன் வரவில்லை என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. முகாமில் எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், எத்தனை பேருக்கு அறுவை சொன்னார்கள், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்ற மூன்று எண்களும் பதிவேட்டில் இருந்தன. இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவே கிடந்த பள்ளம் மட்டும் எதனால் வந்தது என்று பதிவேடு சொல்லவில்லை.

வெங்கடசாமியும் கிரிஜா பிரில்லியண்டும் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, தென்னிந்தியக் கிராமங்களில் கண்புரை அறுவைக்குக் குறுக்கே நிற்கும் சமூக, பொருளாதாரத் தடைகளைப் பற்றி 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வராதவரைத் தேடிப் போய்க் கேட்பது என்பதுதான் இதன் உயிர்நாடி. வந்தவரை மட்டும் கேட்கும் ஸ்தாபனம் தன் புகழையே கேட்டுக்கொண்டிருக்கும். அறுவை இலவசமானாலும் வண்டிச் சத்தம் இலவசமன்று. வெளியூரில் தங்கும் நாட்களுக்குச் சோறு வேண்டும். துணைக்கு வருகிற மகனுக்கோ மருமகளுக்கோ அத்தனை நாள் கூலி போகும். அறுவடை நேரமானால் அந்தக் கூலியே அந்த வீட்டின் சில வாரத்து அரிசி. இவையெல்லாம் மருத்துவமனையின் கணக்குப் புத்தகத்தில் ஒருபோதும் ஏறாத செலவுகள். அறுவைக்குரியவரை முகாமிலிருந்து வண்டியிலேயே அழைத்துச் சென்று, சோறும் தங்குமிடமும் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு அரவிந்தில் நிலைத்ததன் நியாயத்தை இவற்றிலிருந்து உணரலாம். இதைத் தயாள குணத்தின் விளைவாக மட்டும் கொள்வது போதாது. கேட்கத் தெரிந்த நிர்வாகத்தின் விளைவு என்று கொள்வதே சரி.

அத்தனைக்குப் பிறகும் பள்ளம் தூர்ந்துவிடவில்லை. லண்டனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் பிளெட்சரும், அரவிந்தின் ஆர். டி. துளசிராஜும், கிராமப் பங்கேற்பு ஆய்வில் பழகிய ஜான் தேவவரமும் பிறரும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண் கோளாறு உடைய பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேரளவிலேயே முகாமுக்கு வந்தார்கள் என்று தெரிந்தது. எண்ணும் பண்பும் எவ்வாறு கைகோக்க வேண்டும் என்பதற்கு இவ்வாய்வு நல்ல திருஷ்டாந்தம். ஏழு என்ற எண் திடுக்கிட வைக்கிறது. ஆனால், அறுவையால் கண்ணே போய்விடுமோ என்ற பயம் எத்தனை ஆழமானது, வீட்டைவிட்டு நகர முடியாத பெண்ணின் பொறுப்பு எத்தகையது, இருக்கிற பார்வையோடு ஒப்பேற்றிக் கொள்ளலாம் என்ற மனச் சமாதானம் எப்படி உண்டாகிறது என்பவற்றைக் கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசித்தான் அறிய முடிந்தது.

முகாம் வந்து போகிறது. நோயாளியோ ஊரிலேயே இருக்கிறார். ஆகவே கண் பராமரிப்பும் ஊருக்கு அருகிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற முடிவோடு 2004 முதல் பார்வை மையங்கள் தோன்றின. தேனிக் கிளையைச் சார்ந்த அம்பாசமுத்திரம், போடி, சின்னமனூர் முதலிய மையங்களில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதித்துவிட்டு, தேனியிலிருக்கும் டாக்டரோடு நோயாளியைத் திரையின் வழியே நேருக்கு நேர் பேசச் செய்தார்கள். இதற்கான நெடுந்தூரக் கம்பியில்லாத் தொடர்பைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் புரூவர் குழுவினர் அமைத்தார்கள். சோனேஷ் சுரானா, ரபின் பத்ரா முதலியோரோடு அவர் 2008இல் வெளியிட்ட கட்டுரை பொறியியலாருக்காக எழுதப்பட்டது; ஆயினும் அதன் சாரம் ஸ்தாபன ஆராய்ச்சியே. மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வால் கருவிகள் பழுதாவதையும், பழுது எதில் என்று உள்ளூர்ப் பணியாளர் தாமே கண்டறிய முடியாமல் திகைப்பதையும், அவர்கள் கையில் பொறுப்பு போய்ச் சேரும்வரை எந்தக் கருவியும் நிலைக்காது என்பதையும் உடனிருந்து கண்டு எழுதினார்கள்.

ஸ்தாபனத்துக்குள்ளே நடப்பதை அறிவது இதைவிடக் கடினம். அரவிந்தின் அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். இப்படி ஒரு மருத்துவர் ஆண்டுக்கு இரண்டாயிரம் அளவுக்கு அறுவைகள் செய்கிறார் என்பதை வி. கஸ்தூரி ரங்கன் ஹார்வர்ட் வணிகப் பள்ளிக்காக 1993இல் எழுதிய ஆய்வு உலகத்துக்கு அறிவித்தது. நிர்வாக மாணவர்கள் இதில் மேசையின் அமைப்பைப் பார்க்கிறார்கள். அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்கள், கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி அளிக்கப்பட்ட பெண்கள். நோயாளிகளுக்கு அவர்கள் ‘சிஸ்டர்’. தேனிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண் ஒருத்திக்கு அந்த வேலை என்னவாகப் படுகிறது, தந்தை அதை எப்படி மதிக்கிறார், கல்யாணப் பேச்சு வரும்போது அது என்னவாகிறது, ஆன்மிகக் குருமாரான அரவிந்தரிடமும் அன்னையிடமும் ஸ்தாபகர் கொண்ட பக்தி அவளுடைய அன்றாட உழைப்பில் எந்த வடிவத்தில் இறங்குகிறது என்பவையே மனோதத்துவ நிபுணர் சிரத்தையோடு கேட்க வேண்டிய கேள்விகள். ஸ்தாபகரின் மகிமையைக் கூறி முடித்துவிடும் வரலாறுகள் பயனுள்ளவையே. ஆனால் ஆராய்ச்சி அவற்றோடு முடிவதில்லை.

இம்முறையைக் குறை கூறுவோர், பத்து இருபது பேரின் பேச்சை வைத்து ஊரையே எப்படி அளப்பது என்று கேட்பதுண்டு. அளப்பது இதன் நோக்கமன்று. ஒரே விஷயத்தைப் பேட்டியிலும், கண்ணால் கண்டதிலும், ஆவணத்திலும் வைத்து ஒத்துப் பார்ப்பதும், புதிய செய்தி வராத கட்டம்வரை விடாது கேட்பதும், தம் முடிவுக்கு மாறான சாட்சியை மறைக்காமல் வைப்பதும், சொன்னவர்களிடமே முடிவைத் திரும்பக் காட்டிச் சரிபார்ப்பதும் இதன் பிரமாணங்கள். 1967இல் கிளேசரும் ஸ்டிராஸும் வகுத்த, தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டி எழுப்பும் நெறி, இவற்றுக்கு ஒழுங்கு கொடுத்தது. ஆராய்ச்சியாளர் யார் என்பதும் கணக்கில் சேரும். மருத்துவமனையின் ஆளாகப் போய்க் கேட்பவரிடம் யாரும் மருத்துவமனையைக் குறை கூற மாட்டார்கள்; முதலாளியின் ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போய்க் கேட்பவரிடம் தோட்டக் கூலியாள் கங்காணியைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

நெடுநாள் தங்கிக் கேட்பதன் பயனை ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதி, டியூக் பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட ‘குரூக்ட் ஸ்டாக்ஸ்’ என்ற நூலில் காணலாம். பிரமலைக் கள்ளர் குடும்பங்களைக் குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்திக் கைரேகை வாங்கிய ஆங்கில அரசாங்கம், மறுபுறம் அவர்களைத் திருத்துவதாகச் சொல்லிப் பள்ளிக்கூடங்களையும் விவசாயக் குடியேற்றங்களையும் நிறுவியது. போலீஸ் நிர்வாகமும் பள்ளி நிர்வாகமும் மனிதரின் குணத்தில் எவ்வாறு புகுந்து வேலை செய்தன என்பதையும், உழவர் தம் மனத்தையும் வயலைப் போலவே பக்குவப்படுத்த வேண்டியதாகப் பேசுவதையும் அந்நூல் சேர்த்து ஆராய்கிறது. நிர்வாக நூலாக அது எழுதப்படவில்லை. ஆனாலும் ஓர் அதிகார அமைப்பின் கையால் திருத்தப்பட்டவர்கள் அதன்பின் எந்த அமைப்பையும் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று அறிய விரும்பும் மேலாளர், தேனியில் ஒரு மருத்துவமனையோ, போடியில் ஓர் ஏலக்காய் வணிகக் கூடமோ, கம்பத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கமோ நடத்த வருவதற்கு முன் படிக்க வேண்டிய நூல் அது.