கையும் கேத்திரகணிதமும்: யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

கேத்திரகணிதம் என்றவுடன் கரும்பலகையும் கவராயமும் யூக்கிளிட்டின் தேற்றங்களுமே நினைவுக்கு வருதல் யாழ்ப்பாணத்துக் கற்றோரிடையே இயல்பாகிவிட்டது. ஆயின், வடிவங்களைக் கையாற் செய்தும் மடித்தும் அளந்தும் அறிகின்ற மரபொன்று இக்குடாநாட்டில் ஏட்டுக் கல்விக்கு வெளியே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. அம்மரபு பாடசாலைக்குள் ஏன் இடம்பெறவில்லை, இடம்பெறச் செய்ய எடுக்கப்பட்ட முயற்சிகள் எந்நிலை எய்தின என்பன கல்வி வரலாறு சார்ந்த வினாக்கள் மட்டுமல்ல. சமூக வரலாறு சார்ந்த வினாக்களுமாகும்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் கணிதக் கல்வி பெரும்பாலும் எண்சுவடியை மனனஞ் செய்தலாகவே அமைந்தது. பெருக்கல் வாய்பாடும் முந்திரி, காணி முதலிய கீழ்வாயிலக்கங்களும் நாவிற் படியும்வரை ஓதப்பட்டன. எனினும் கைக்கு அங்கு இடமே இல்லாதிருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. ஏடு தொடக்கும் நாளிற் பிள்ளையின் விரலைப் பற்றி அரிசியில் எழுத்தை வரைவித்தலும், பின்னர் மணலிற் பன்முறை எழுதிப் பழக்குதலும் தொடுகையின் வழியாக வடிவத்தை உளத்திற் பதிக்கும் முறைகளேயாம். ஆயினும் அம்முறை எழுத்தோடு நின்றது. கணக்கதிகாரம் போன்ற நூல்களில் வட்டத்தின் பரப்பைக் காணும் விதி உண்டு. அரைப் பரிதியை அரை விட்டத்தாற் பெருக்குக என்பது அதன் கருத்து. அவ்விதியை மாணாக்கன் ஓதினான். அது ஏன் உண்மையாகின்றது என்பதை வட்டமொன்றை வெட்டிப் பார்த்து அறியும் பயிற்சி ஓதுதலின் பகுதியாக அமையவில்லை.

வடிவங்கள் பற்றிய உயிர்ப்புள்ள அறிவு பள்ளிக்கு வெளியிலேயே வளர்ந்தது. பனையோலையால் இழைக்கப்படும் கடகத்தின் அடி சதுரம், வாயோ வட்டம். சதுரமொன்று மேலெழுந்து வட்டமாக மாறும் நுட்பத்தை இழைப்பவரின் விரல்கள் அறியும். பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி கூம்பு வடிவினது. அத்திவாரம் வெட்டுமுன் மூன்று, நான்கு, ஐந்து என்னும் அளவுகளால் மூலை மட்டம் பார்க்கும் மேசன், பைதகரசின் தேற்றத்தை ஏட்டிற் படிக்காமலே கயிற்றில் நிறுவுகின்றான். சிறுவர் நிலத்திற் கீறி ஆடும் கிளித்தட்டில் ஒரு செவ்வகம் பல செவ்வகங்களாகப் பகுக்கப்படுகின்றது. தைப்பொங்கற் காலத்தில் ஏற்றப்படும் கொக்குப்பட்டம் இருபுறமும் சமச்சீராக அமையாவிடின் ஒரு பக்கம் சரிந்து வீழும். இங்கு பிழையைத் திருத்துபவர் ஆசிரியரல்லர், காற்றே ஆசிரியராகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிசனரிமாரின் வருகையோடு புதிய கணிதம் குடாநாட்டை அடைந்தது. 1816இல் யாழ்ப்பாணத்திற் பணிதொடங்கிய அவர்கள் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியை நிறுவினர். அங்கு அட்சரகணிதம், கேத்திரகணிதம், திரிகோணகணிதம், வானியல் ஆகியன கற்பிக்கப்பட்டன. செமினறி மூடப்பட்ட 1855ஆம் ஆண்டிலேயே கறோல் விசுவநாதபிள்ளையின் பீசகணிதம் தமிழில் வெளிவந்தமை, மேலைக்கணிதத்தைத் தாய்மொழியிற் சிந்திக்கும் ஆற்றல் அக்காலத்திலேயே முகிழ்த்திருந்தமைக்குச் சான்றாகும். இச்சாதனை பெரிது. எனினும் புதிய கல்வி விரைவில் உத்தியோகத்துக்கான வாயிலாகக் கருதப்படலாயிற்று. சோதனையிற் சித்தியெய்துதலே நோக்கமானபோது யூக்கிளிட்டும் எண்சுவடியைப் போன்று மனனப் பொருளானார். ஓதும் நூல் மாறியது. ஓதும் முறை மாறவில்லை.

கைவினைகள் வகுப்பறைக்குட் புகாமைக்கு மற்றுமொரு காரணம் சமூக அமைப்பில் உள்ளது. ஓலை இழைத்தல் பெண்களின் வீட்டு வேலையாகவும், தச்சும் கொல்லும் குறித்த சாதிகளுக்குரிய தொழில்களாகவும் வகுக்கப்பட்டிருந்தன. கையால் உழைத்தல் தாழ்வென்றும் எழுத்தால் வாழ்தல் உயர்வென்றும் எண்ணும் மனப்பாங்கு வேரூன்றியிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் நிலத்தில் அமர்த்தப்பட்டனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டுமென்ற நிலை உருவானபோது கடும் எதிர்ப்பும் எழுந்தது. உழைக்கும் வீடுகளிற் பிறந்து வடிவங்களைக் கையால் அறிந்திருந்த பிள்ளைக்கு வாங்கில் இடமில்லை; வாங்கில் அமர்ந்த பிள்ளைக்கோ கைவேலையில் மதிப்பில்லை. கையும் அறிவும் பிரிந்துநின்ற இந்நிலை, கற்பித்தல் முறையின் குறைபாடு மட்டுமன்று. சமூகப் பிரிவினையின் நேரடி விளைவுமாகும்.

இதே காலப்பகுதியில் மேலைநாடுகளிற் சிந்தனை வேறுதிசையிற் சென்றது. செருமனியில் புரோபல் 1837இற் சிறுவர்க்கெனத் தொடங்கிய நிலையத்தில் கோளம், உருளை, சதுரமுகி ஆகிய மரப்பொருள்கள் பிள்ளைகளின் கைகளிற் கொடுக்கப்பட்டன. 1907இல் உரோமாபுரியிற் சிறுவர் இல்லத்தை ஆரம்பித்த மரியா மொன்ரிசோரி, முக்கோணி, வட்டம் முதலிய வடிவங்களின் விளிம்பை விரலாற் தடவி, அவற்றிற்குரிய குழியிற் பொருத்தும் பயிற்சியை வகுத்தார். அவர் 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தமை குறிப்பிடத்தக்கது. அரிசியில் எழுதும் விரலுக்கும் மரச்சட்டத்தைத் தடவும் விரலுக்கும் தொடர்புண்டு என்பதை உணர்ந்திருந்தால், இம்முறை அந்நியமானதாகத் தோன்றியிராது.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் கையையும் அறிவையும் இணைக்க அரசு மேற்கொண்ட முக்கிய முயற்சியாகும். ஆரம்ப வகுப்புகளில் ஒன்றிணைந்த கலைத்திட்டமும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் அவ்வவ்விடத்துத் தொழில்களையொட்டிய தொழில்முன்னிலைப் பாடங்களும் புகுத்தப்பட்டன. ஓலைவேலையும் தச்சும் கணித பாடத்தின் துணைகளாவதற்கு இங்கு வாய்ப்பிருந்தது. ஆனால் உத்தியோகக் கல்வியையே நாடிய பெற்றோர் இதனை ஐயத்தோடு நோக்கினர். பல்கலைக்கழக அனுமதியிற் தரப்படுத்தல் தமிழ் மாணவரைப் பாதித்துக்கொண்டிருந்த சூழலில் அவ்வையம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. 1977இல் ஆட்சி மாறியதும் இத்திட்டம் நிலைக்கவில்லை.

பின்வந்த போர்க்காலம் கல்வியை வேறு வகையிற் சோதித்தது. 1990ஐத் தொடர்ந்த ஆண்டுகளிற் குடாநாடு மின்சாரமின்றிப் பொருளாதாரத் தடையுள் வாழ்ந்தது. 1995இன் இடப்பெயர்வு வலிகாமத்துப் பாடசாலைகளை வெறுமையாக்கியது. 1997இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தங்களின்கீழ், விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றும் ஆரம்பக் கல்வியின் வழிகளாக ஏற்கப்பட்டன. ஏட்டளவில் இது பெரும் முன்னேற்றம். ஆயினும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நெருக்குதல் செயற்பாட்டின் நேரத்தைப் பயிற்சி வினாத்தாள்கள் கவர்ந்துகொள்ளச் செய்கின்றது.

செயற்பாட்டுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மூன்று ஈர்க்குகளை நுனிகளில் நூலாற் கட்டினால் முக்கோணி அசையாது நிற்கும். சமநீளமான நான்கைச் சதுரமாகக் கட்டினால் அது சரிந்து சாய்சதுரமாகும். மூலைவிட்டமாக ஐந்தாவது ஈர்க்கைச் சேர்த்ததும் உறுதிபெறும். கூரை மரங்களைத் தச்சர் முக்கோணியாகப் பூட்டுவதன் காரணத்தைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். கடதாசி வட்டமொன்றைப் பதினாறு சமமான ஆரைச்சிறைகளாக வெட்டி, மேலும் கீழுமாக மாற்றி அடுக்கினால் ஏறத்தாழ ஒரு செவ்வகம் தோன்றும். அதன் நீளம் அரைப் பரிதி. அகலம் அரை விட்டம். கணக்கதிகாரம் கூறிய விதி இவ்வாறு பிள்ளையின் கண்முன்னே விளக்கம் பெறுகின்றது.

எனினும் கைவினையே கேத்திரகணிதம் என மயங்குதலும் தவறு. கடகம் இழைக்கும் கைக்கு வழி தெரியும். அது ஏன் அவ்வாறாகின்றது என்ற வினாவை மரபு எழுப்பவில்லை. யூக்கிளிட்டு அவ்வினாவை எழுப்பினார். ஆயின் அவரைக் கற்பித்த முறை கையை மறந்தது. செய்தலிலிருந்து பெயரிடலுக்கும், பெயரிடலிலிருந்து காரணங் காண்டலுக்கும் பிள்ளையை அழைத்துச் செல்வதே ஆசிரியரின் பணியாகும்.

ஆகவே, வடிவங்களைக் கையாற் கற்பித்தல் பற்றிய வினா சிறுவர் வகுப்பின் சிறுவினா அன்று. கடகம் இழைத்த தாயின் அறிவுக்கும் மூலை மட்டம் பார்த்த மேசனின் அறிவுக்கும் பாடசாலை மதிப்பளிக்குமா என்பதே அதனுள் அடங்கியுள்ள பெருவினா. உழைப்பை இழிவாக எண்ணும் மனப்பாங்கு நீங்காதவரை எச்சீர்திருத்தமும் சுற்றறிக்கையளவிலேயே நின்றுவிடும் என்பதே இந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.