வெள்ளையா, புழுங்கலா?

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் உட்கார்ந்ததும் ஒரு கேள்வி வரும்: "வெள்ளைச் சோறா, புழுங்கலா தம்பி?" நான் யோசிக்காமல் வெள்ளை என்றுதான் சொல்வேன். புழுங்கல் என்றால் பாட்டி காலத்துச் சோறு என்று ஒரு நினைப்பு. இதே கோலாலம்பூரில் ஒரு காலத்தில் அது உயிர்போகும் விஷயமாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது மலாயாவை ஆட்டிப்படைத்த நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப்போகும், தசை தளரும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் இதில் ஏராளமாக மாண்டார்கள். 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று இந்த நோயை ஆராய்வது. பலர் கிருமியைத் தேடினார்கள். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த டாக்டர் பிராடன் சாப்பாட்டைப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தோட்டத்துத் தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. அவர்களுக்குப் பெரிபெரி வருவது அபூர்வம். பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேருகிறது என்று பிராடன் நினைத்தார்.

1905இல் கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பெரிபெரி பரவியது. டிசம்பரில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குப் பழைய சயாம் அரிசி, இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றுதான். பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில் பெரிபெரியால் யாரும் சாகவில்லை.

வயிறு நிறையச் சாப்பிட்டவன் எப்படிச் சாவான்? விடை செல்லுக்குள் இருக்கிறது. சோறு குளுக்கோஸாகி, செல்லுக்குள் போய் உடைகிறது. அந்த முதல் உடைப்பில் கிடைப்பது 2 ஏடிபி மட்டும். மிச்சமுள்ளது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்தால் மொத்தம் சுமார் 30 கிடைக்கும். அந்த வாசலைத் திறக்க தயாமின், அதாவது வைட்டமின் பி1 வேண்டும். அது இல்லாவிட்டால் எரிபொருள் வாசலிலேயே தேங்கிவிடும். ஓய்வே இல்லாத இதயத் தசையும் நரம்புகளும் முதலில் அடிவாங்கும். உடம்பில் இருக்கும் பி1 சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது.

தீட்டும்போது தவிட்டோடு பி1 போய்விடுகிறது. நெல்லைப் புழுக்கினாலோ அதில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் தங்கும். 1926இல் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

இதைப் படித்ததும் 'நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க' என்று வாட்ஸ்அப்பில் போடத் தோன்றும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. புழுக்கினால் அரிசி அதிகம் உடையாது, நாள்பட இருக்கும். அந்தப் பழக்கம் தற்செயலாக உயிரைக் காத்தது. அதே தமிழர்களைத் தோட்டங்களில் மலேரியா கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அதற்குப் புழுங்கலால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த வரிசைதான். ஃபிளெட்சரின் கட்டுரை 1907இல் லான்செட்டில் வந்தது. இன்றும் மருத்துவ வரலாற்றில் பேசப்படுகிறது. செத்த 18 பேர் அதில் வெறும் எண்ணிக்கை. இடப்பக்கத்திலிருந்து எண்ணியபோது எந்த இடத்தில் நின்றார்கள் என்பதே அவர்கள் விதியாயிற்று.

எனக்குக் கடையில் தினமும் கிடைக்கும் அந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.