பழைய தேருக்குப் புதிய அச்சு

சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரத்துக்கு மலாய் மொழியில் 'கிரேத்தா ஆயர்' என்று பெயர். தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். சீனரும் அவ்வட்டாரத்தைத் தம் மொழியில் மாட்டுவண்டித் தண்ணீர் என்று பொருள்படும் சொல்லாலேயே வழங்குவர். குழாய்நீர் வாராத காலத்தில் ஆன் சியாங் குன்றின் கிணற்றுநீரை மாட்டுவண்டிகள் அங்குக் கொண்டுவந்து கொடுத்தன. மாடு வளர்ப்பிலும் மாட்டுவண்டித் தொழிலிலும் தமிழர் பங்கு சிறிதன்று. சிராங்கூன் சாலையை ஒட்டிய எருமைச் சாலையின் பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகிறது. இங்ஙனம் ஒரு வண்டி, ஒரு வட்டாரத்துக்கே பெயர் தந்தது. பெயர் நிலைத்தது, வண்டி நிலைக்கவில்லை.

'கிரேத்தா' என்னும் அச்சொல் இன்றைய மலாய் வழக்கில் மோட்டார் காரைக் குறிக்கிறது. மாட்டுவண்டிக்கு நேர்ந்த மறைவு மோட்டார் காருக்கும் நேர வேண்டுமா என்பது, பழைய கார்களைப் புதுப்பிப்போர் முன் நிற்கும் வினாவாகும். அவ்வாறு புதுப்பிக்கும்போது பழமையை எந்த அளவு காப்பது, புதுமையை எந்த அளவு சேர்ப்பது என்பது அதனினும் அரிய வினா. 'மசில் கார்' எனப்படும் அமெரிக்க வலிமைக் கார்களின் வரலாறு இவ்விரண்டுக்கும் விடை காண உதவும்.

தெருவில் மறைந்த ஊர்திகள்

கைரிக்‌ஷா 1880ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தது. அதனைப் பதிவு செய்து மேற்பார்வையிட 1903இல் எழுந்த நிலையம், தஞ்சோங் பகார் சாலையும் நீல் சாலையும் கூடும் முனையில் இன்றும் அழகுற நிற்கிறது. கைரிக்‌ஷாவோ 1947இல் தடைசெய்யப்பட்டது. கட்டடத்தைக் காத்த தலைமுறைக்கு அதன் வாயிலில் நின்ற ஊர்தியைக் காக்கும் எண்ணம் அந்த அளவுக்கு எழவில்லை. கட்டடம் மண்ணோடு பிணைந்தது. ஊர்தியோ ஓடும்வரை மதிக்கப்படும், ஓட்டம் நின்றால் இரும்பு விலைக்குப் போகும். ஊர்திகளின் வரலாறு எளிதில் அழிவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்கக் கார் வந்த வழி

ஃபோர்டு நிறுவனத்தின் மலாயாக் கிளை 1926இல் சிங்கப்பூரில் தோன்றியது. சைனாடவுனுக்கு அண்மையில் உள்ள எங்கர் தெருவின் சிறிய கூடத்தில்தான் அது தன் பணியைத் தொடங்கியது. 1941இல் புக்கிட் தீமாவில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. தென்கிழக்காசியாவில் கார்களைப் பூட்டி முடித்த முதல் தொழிற்சாலை அதுவே. மறு ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்ததும் அந்தக் கட்டடத்தில்தான். போருக்குப் பின் மீண்டும் கார்களை வெளியிட்ட தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. 2006இல் அது தேசிய நினைவுச் சின்னமாயிற்று. இங்கும் கட்டடமே நினைவாக நின்றது என்பது கருதத் தக்கது.

வலிமைக் கார்களின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1960களில் அமெரிக்க இளைஞரிடையே வேக வேட்கை மிகுந்தது. நடுத்தர அளவுள்ள காரில் பெரிய காருக்குரிய எந்திரத்தைப் பொருத்தினால் குறைந்த விலையில் மிகுந்த வேகம் கிட்டும் என்பதைப் போன்டியாக் பிரிவின் பொறியாளர்கள் கண்டனர். அவர்களுள் ஜான் டிலோரியன் முதன்மையானவர். நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எந்திரம் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கட்டளை. அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டனர். 389 கன அங்குல எந்திரத்தைத் தனிக் காராக அறிவியாமல், 'டெம்பஸ்ட் லெமான்ஸ்' காருக்கு விரும்புவோர் கூடுதல் விலை தந்து பெறும் இணைப்பாக வைத்தனர். 1964ஆம் ஆண்டு மாதிரியாக வந்த அக்கார் 'ஜி.டி.ஓ.' எனப் பெயர் பெற்றது. அதன் ஆற்றல் 325 குதிரைத்திறன். அம்மாதிரி 32,450 கார்கள் விற்றன. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் ஃபோர்டின் 'மஸ்டாங்' வெளிவந்தது. பிற நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. 1970இல் செவ்ரோலே 'செவெல்' காரின் மிகப் பெரிய எந்திரம் 450 குதிரைத்திறன் கொண்டதாக அறிவிக்கப்பட்டது.

உச்சம் தொட்ட ஆண்டிலேயே வீழ்ச்சிக்கும் வித்திடப்பட்டது. இளைஞர் ஓட்டும் வேகக் கார்களுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1970இன் இறுதியில் தூய காற்றுச் சட்டம் கையெழுத்தாயிற்று. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடும்பொருட்டு எந்திரங்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனைக்குத் தடை விதித்தன. 1974ஆம் ஆண்டு மாதிரியோடு பழைய ஜி.டி.ஓ. முடிவுற்றது. பத்தாண்டே வாழ்ந்த இவ்வினம் பின்னர் அரும்பொருளாயிற்று.

புதுப்பிக்கும் முறை

புதுப்பிக்கும் வேலை பட்டறையில் தொடங்குவதில்லை, ஆவணத்தில் தொடங்குகிறது. 1964ஆம் ஆண்டு ஜி.டி.ஓ. ஓர் இணைப்பாகவே விற்கப்பட்டதால், அதன் அடையாள எண்ணும் எளிய லெமான்ஸ் காரின் எண்ணும் ஒரே அமைப்பின. எண்ணைப் பார்த்து உண்மையை அறிய முடியாது. தொழிற்சாலைப் பதிவேட்டின் படியே சான்று. கல்வெட்டுச் சான்றின்றி ஒரு கோயிலின் காலத்தை அறுதியிடத் தயங்கும் ஆய்வாளரின் எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்து, பெயர் எழுதிக் கட்டி, வரிசையாகக் கழற்றுவர். வண்ணத்தைச் சுரண்டினால்தான் தகட்டின் உண்மை நிலை தெரியும். அடித்தளத் தகடும் பின்புறப் பொருட்பெட்டியின் தளமும் துருவேறி அரித்திருப்பது பெரும்பான்மை. அரித்ததை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டைப் பற்றவைப்பர். சிலிண்டர் உட்சுவர் தேய்ந்திருந்தால் சிறிது குடைந்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டன்களைப் பொருத்துவர். பழைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், வால்வு அமரும் இடம் தேயாமல் காத்தது. ஈயமற்ற பெட்ரோலே கிடைக்கும் இந்நாளில் அவ்விடங்களில் கடினப்படுத்திய வளையங்களைப் பதிப்பர். இம்மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் எந்திரத்தின் ஆயுள் அதில் அடங்கியுள்ளது.

இந்நிலையில் இரு கட்சிகள் பிரிகின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒவ்வோர் ஆணியும் இருத்தல் வேண்டும் என்பது ஒரு கட்சி. தோற்றத்தைக் காத்து உள்ளுறுப்புகளைப் புதுமையாக்கலாம் என்பது மற்றொன்று. இதனை 'ரெஸ்டோமாட்' என்பர். இரண்டாம் கட்சியார் கார்புரேட்டரை நீக்கி மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் கருவியை வைப்பர். நான்கு கியருக்கு மாற்றாக ஐந்து கியர் உள்ள பெட்டியைப் பூட்டுவர்.

பிரேக்கைப் பொறுத்தவரை இவ்வழக்கு வெறும் சுவைவேறுபாடு அன்று. 1964ஆம் ஆண்டு ஜி.டி.ஓ.வின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. விரைந்து செல்கையில் அடுத்தடுத்து அழுத்தினால் அவை சூடேறிப் பிடிப்பிழக்கும். நான்குக்கும் எண்ணெய் செலுத்தியது ஒரே வழி. ஓரிடத்தில் கசிந்தாலும் பிரேக் முழுவதும் கைவிட்டுவிடும். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அன்று இல்லை. இத்தகைய காரைப் பழைய நிலையிலேயே இன்றைய நெடுஞ்சாலையில் விடுதல், ஓட்டுபவருக்கும் எதிரே வரும் குடும்பத்துக்கும் தீங்கு விளைக்கலாம். அதனால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், இரு பகுதியாகப் பிரித்த எண்ணெய் வழியும் அமைப்போர் பலர். கழற்றிய பழைய உறுப்புகளை எறியாமல் பெட்டியில் இட்டு வைப்பது அறிவுடையோர் வழக்கம். பின்வருவோர் விரும்பினால் பழைய நிலைக்கு மீள வழி இருத்தல் வேண்டும்.

கண்டிக்கத் தக்கது வேறொன்று. எந்திரத்தில் பொறித்த எண்ணைத் தேய்த்தழித்து, காருக்குப் பொருந்தும் எண்ணைப் புதிதாகப் பொறித்து விற்போரும் உளர். பிரேக்கை மாற்றியவர் காரை மாற்றினார். எண்ணை மாற்றியவர் வரலாற்றையே மாற்றினார்.

சிங்கப்பூரின் நிலை

இடம் குறுகிய தீவில் பழைய காரைக் காப்பது எளிதன்று. 1990இல் தொடங்கிய உரிமைச் சான்றிதழ் முறைப்படி, பத்தாண்டு முடிந்ததும் காரின் பதிவை நீக்க வேண்டும். அன்றேல் மீண்டும் பெருந்தொகை செலுத்த வேண்டும். ஆயினும் 35 ஆண்டு கடந்த கார்களுக்கெனத் தனித் திட்டம் ஒன்று உண்டு. அதன்கீழ் ஆண்டுக்கு 45 நாள் சாலையில் ஓட்டலாம். ஸ்டீயரிங் இடப்பக்கம் அமைந்த அமெரிக்கக் கார்கள், சாலையின் இடப்பக்கம் செல்லும் சிங்கப்பூருக்கு இயல்பாகப் பொருந்துவனவும் அல்ல. மஸ்டாங் கூட வலப்பக்க ஸ்டீயரிங்கோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது 2015இல்தான்.

சைனாடவுன் தரும் பாடம்

கார்ப் பட்டறையின் வழக்குக்குச் சைனாடவுனிலேயே தீர்ப்பு உண்டு. 1989இல் அவ்வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இயன்றவரை உள்ளதைக் காத்தல், உணர்ந்து மீட்டல், கருத்தோடு பழுதுபார்த்தல் என்பன அங்குப் பின்பற்றப்பட்ட நெறிகள். கடைவீடுகளின் முகப்பு காக்கப்பட்டது; உள்ளே மின்கம்பியும் குளிர்சாதனமும் புகுந்தன.

தமிழருக்கோ இந்நெறி மிகப் பழையது. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளை நிறுவியது. 1973இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அங்குத் திருப்பணி முடிந்து 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. திருப்பணி தொடங்குமுன் இறையாற்றலைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து போற்றுவது மரபு. உடலைச் சீர்செய்யுமுன் உயிர் எதுவெனத் தெளிந்து அதனைக் காவலில் வைப்பதே அதன் உட்பொருள்.

ஓலைச்சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சுவடிக்குச் சுவடி வேறுபட்ட பாடங்களை மறைக்காமல் குறித்து வைத்தார். அவர் கொண்ட பாடத்தை ஏற்பதும் மறுப்பதும் கற்பாரின் உரிமையாயிற்று. பழைய காரைப் புதுப்பிப்பவரும் இவ்வாறே எதனைக் காத்தார், எதனை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை எழுதி வைத்தல் வேண்டும். கிரேத்தா ஆயரின் தண்ணீர் வண்டிக்கு அச்சு எம்மரத்தால் ஆனது, அதனைத் தச்சர் எவ்வாறு பழுதுபார்த்தார் என்று கூற இன்று எவரும் இலர். அந்நிலை மோட்டார் காருக்கும் வாராமற் காப்பது, பட்டறையில் உள்ளோர் எழுதி வைக்கும் அந்தச் சில பக்கங்களே.