காண்டாக் கம்பும் விமானமும்



சிலிபின் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களுக்குக் காண்டாக் கம்பு நினைவிருக்கும். தோளில் கம்பு, இரு முனையிலும் பால் வாளி. ஒரு வாளி நிறைந்து மற்றது குறைந்திருந்தால் கம்பு சரியும், சுமப்பவர் தடுமாறுவார். சுமை எவ்வளவு என்பது மட்டுமன்று, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம் நாட்டு வரலாற்றில் ஒரு பெருந்துயரம் இந்த எளிய உண்மையோடு தொடர்புடையது.

1976ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. லாபுவானிலிருந்து ஒரு சிறு விமானம் சபாவின் தலைநகரான கோத்தா கினாபாலுவுக்குப் புறப்பட்டது. அது ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்ட, இரட்டை இயந்திரம் கொண்ட ‘நோமாட்’ விமானம். தரையிறங்க நெருங்கி வந்தபோது செம்புலான் பகுதியில் விழுந்து நொறுங்கியது. விமானி காந்தி நாதன் உட்பட அதிலிருந்த 11 பேரும் மாண்டனர்.

மாண்டவர்களில் சபா முதலமைச்சர் துன் புவாட் ஸ்டீபன்ஸ் ஒருவர். 1963இல் மலேசியா அமைந்தபோது சபாவின் முதலாவது முதலமைச்சராக இருந்தவர். 1976 ஏப்ரலில்தான் மீண்டும் அப்பதவிக்கு வந்திருந்தார். அவருடைய மகனும், பீட்டர் மொஜுந்தின், சாலே சூலோங், சோங் தியென் வுன் ஆகிய மூன்று அமைச்சர்களும் அவருடன் இறந்தனர்.

அது சபாவின் எண்ணெய் வருமானம் பற்றிப் பேச்சு நடந்த காலம். விபத்து நடந்த எட்டாம் நாள், ஜூன் 14இல், புதிய முதலமைச்சர் பெட்ரோலிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். விசாரணை அறிக்கையோ அரசாங்க இரகசியமாகப் பூட்டி வைக்கப்பட்டது. மக்கள் என்ன நினைப்பார்கள்? சதி என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது.

2023 ஏப்ரலில்தான், ஏறக்குறைய 47 ஆண்டுகளுக்குப் பிறகு, அறிக்கை வெளியிடப்பட்டது. சதிவேலைக்கோ வெடிப்புக்கோ சான்று இல்லை என்றது அது. பின்புறச் சரக்கறையில் அனுமதித்த அளவுக்கு மேல் சுமை இருந்ததால், விமானத்தின் எடை மையம் வரம்பைத் தாண்டிப் பின்னே போயிருந்தது என்றும் கூறியது.

பிள்ளைகளே, ஓர் அடிக்கோலை விரல்மேல் நிறுத்திப் பாருங்கள். பிறகு ஒரு முனையில் அழிப்பானை வையுங்கள். உடனே அந்த முனை சாயும். விமானமும் அப்படித்தான். வால் கனத்தால் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். தரையிறங்கும்போது வேகமும் குறைகிறது. மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால், இறக்கைகளைத் தாங்கும் காற்றின் பிடி விட்டுப்போகும். தரைக்கு அருகில் அப்படி நேர்ந்தால், விமானத்தை நிமிர்த்த நேரமும் இராது, உயரமும் இராது.

செம்புலானில் இன்று ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. அது இரண்டு பாடங்களைச் சொல்கிறது. லாரியானாலும் படகானாலும் விமானமானாலும், ஏற்றும் முன் எடையையும் இடத்தையும் பார்க்க வேண்டும். அடுத்தது, காரணத்தை மூடி வைத்தால் அந்த இடத்தில் வதந்தி குடியேறும். மாண்டவர்களின் வீட்டார் ஏறக்குறைய 47 ஆண்டுகள் அந்த வதந்தியோடு வாழ்ந்தார்கள். ஏன், எப்படி என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் அதட்டாதீர்கள், கேட்கவே பழக்குங்கள்.