படிக்கத் தெரிந்தவர் யார்?

விடியற்காலை. பேருந்து ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஜான்ஸ் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்குச் செல்லும் கருப்பு மக்கள் அதிலே அமர்ந்திருக்கின்றனர். ஓட்டுபவர் ஈசா ஜென்கின்ஸ். பேருந்து அவருடையது. பயணிகளின் கையிலே அவர் கொடுத்த தாள். தாளிலே மாநில அரசியல் சட்டத்தின் பகுதி. தெரிந்தவர் படிக்கிறார்; தெரியாதவர் காதால் கேட்டு, வாயால் முணுமுணுத்து, நெஞ்சிலே பதித்துக்கொள்கிறார்.

உழைத்துக் களைத்த மக்கள் அரசியல் சட்டத்தை நெட்டுருப் போடுவானேன்? வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால், அதிகாரியின் முன்னே அதனைப் படித்துக் காட்டியாக வேண்டும்! 1950களில் அங்கே இருந்த நிலை இது.

அந்தப் பயணிகளில் ஒருவர் அலிஸ் வைன் அம்மையார். எழுத்தறியாதவர், ஆனால் நினைவாற்றல் நிரம்பப் பெற்றவர். முழுப் பகுதியையும் மனப்பாடம் செய்தார், அதிகாரி முன் நின்று ஒப்புவித்தார், தேறினார். படிக்கத் தெரிந்தவர் என்று அரசாங்கம் சான்று வழங்கிற்று, படிக்கத் தெரியாத அம்மையாருக்கு! அதே காலத்தில் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகிக் கல்லூரிப் பேராசிரியர் பலர், கருப்பர் என்பதால், வாக்காளராக முடியாமல் வாசலிலே நிறுத்தப்பட்டனர். ஏடறியாதவர் தேறினார், ஏடு கற்பிப்பவர் தேறவில்லை. அங்கே அளக்கப்பட்டது அறிவுதானா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

இந்த விந்தைக்கு வேர் பழையது. 1740ல் தென் கரோலினா ஒரு சட்டம் செய்தது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கு 100 பவுன் அபராதம்! 1834ல் வாசிக்கக் கற்பிப்பதும் குற்றமாயிற்று. எழுத்தை ஒரு கூட்டத்துக்கு மட்டும் உரியதாக்கி, மற்றவர் தொட்டால் தண்டிக்கும் ஏற்பாடு நாம் அறியாததல்ல. அடிமைமுறை ஒழிந்தது, கருப்பருக்கு ஓட்டுரிமையும் வந்தது. உடனே ஆதிக்கக்காரரின் மூளை வேலை செய்தது. படிக்கக் கூடாது என்று தடுத்தவர்களே, படித்தால்தான் ஓட்டு என்றனர்! 1890ல் மிசிசிப்பி வழி காட்டிற்று. 1895ல் தென் கரோலினா, அரசியல் சட்டத்தின் எந்தப் பகுதியைக் காட்டினாலும் படிக்கவும் எழுதவும் வேண்டும் என விதித்தது. அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து வைத்திருந்து அதற்கு வரியும் கட்டியிருக்க வேண்டும். சொத்து இருந்தால் எழுத்தே வேண்டாம்!

சரி, படிக்கத்தான் வழி செய்தனரா? 1916ல், 18 வயதுப் பெண் ஒருவர் ஜான்ஸ் தீவுக்கு ஆசிரியையாக வந்தார். செப்டிமா கிளார்க் என்று பின்னாளில் உலகம் அறிந்தவர். அடிமையாகப் பிறந்த தந்தையின் மகள். அவர் பள்ளியிலே 132 பிள்ளைகள், இரண்டே ஆசிரியைகள். அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியிலே 3 பிள்ளைகள்! அறுவடைக் காலத்திலோ பிள்ளைகள் வயலில் இருந்தனர். சில மாதப் படிப்பு. பல ஆண்டு உழைப்பு. கற்ற எழுத்தும் மறந்துபோகும். எழுத்துக் கூட்டுவார், பொருள் விளங்காது. பெயர் எழுதுவார், படிவம் நிரப்ப முடியாது. இதனைத்தான் செயல்சார் எழுத்தறிவின்மை என்கின்றனர் அறிஞர்.

1930களில் கொலம்பியா நகரருகே இராணுவ முகாமில் கருப்பு வீரர்களுக்குப் பாடம் சொன்னார் கிளார்க். அங்கே அவர் கற்பித்தவை: சம்பளச் சீட்டில் கையெழுத்திடுவது, பேருந்தின் பெயரைப் படிப்பது, எண்ணுவது. வாழ்க்கைக்கு எது தேவையோ அதுவே பாடம். நாற்பதாண்டு கற்பித்த அவரை 1956ல் வேலையிலிருந்து நீக்கினர். கருப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததே குற்றமாம்! ஓய்வூதியமும் போயிற்று, 1976ல்தான் அதனைத் திரும்ப வழங்கினர்.

ஆனால் 1957 சனவரி 7 அன்று ஜான்ஸ் தீவிலே ஒரு கதவு திறந்தது. முன்னறையில் மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. வெள்ளையர் ஐயுறாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், கிளார்க்கின் உறவினர். தொழில் கூந்தல் ஒப்பனை; பள்ளியில் பாடம் நடத்திப் பழகியவர் அல்லர். அதனாலேயே அவரைத் தேர்ந்தனர். முதியோரைப் பிள்ளைகளாக எண்ணி அதட்டமாட்டார். வெள்ளை முதலாளியை நம்பிப் பிழைப்பவருமல்லர்.

குழந்தைப் பாடநூல்களுடன் வந்தார். பார்த்ததுமே அவை பயன்படா என உணர்ந்தார். பேரப்பிள்ளை கண்டவருக்கு ‘அணில், ஆடு’ பாடமா? என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று அவர்களையே கேட்டார். வெளியூரிலுள்ள பிள்ளைகளின் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்றனர். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றனர். பெருக்கற்குறி இடாமல் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றனர். வாக்காளர் பதிவுக்கான சட்டப் பகுதியும் பாடமாயிற்று. அட்டையிலே பெயரை எழுதிக் கொடுத்தார்; அதன்மீது பென்சிலை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கை பழகிற்று. ஏர் பிடித்துக் காய்த்த விரல்களில் பென்சில் முறிவதுண்டாம்; முறிந்தால் இன்னொன்று! 65 வயது மூதாட்டி ஒருவர், பலகையில் எழுதியிருந்த பெயர்களினிடையே தம் பெயரைக் கண்டுகொண்டு, ஆசிரியையின் கையிலிருந்த அளவுகோலை வாங்கிச் சுட்டிக்காட்டினார். அந்த நாளை ராபின்சன் கடைசிவரை மறக்கவில்லை.

தீவுக்குத் தீவு பரவிற்று இப்பள்ளி. ஆதரித்த ஹைலாண்டர் மக்கள் பள்ளியை டென்னசி அரசு 1961ல் மூடியது. மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு பணியை ஏற்றுத் தென்மாநிலங்களெங்கும் நடத்திற்று. 1965ன் வாக்குரிமைச் சட்டம் தென்னாட்டுத் தேர்வை நிறுத்திற்று. 1975ல் நாடு முழுவதும் அது நிலையாக ஒழிந்தது.

தேர்வு ஒழிந்தது, அறியாமை ஒழியவில்லை. 2023ல் எடுத்த பன்னாட்டு ஆய்விலே, அந்தச் செல்வ நாட்டில் 16 முதல் 65 வயது வரை உள்ளவருள் 100க்கு 28 பேர் வாசிப்பில் மிகத் தாழ்ந்த படிகளில் நின்றனர். பள்ளிச் சான்றிதழ் பெற்றவர்களும் அவர்களுள் உண்டு.