டன்லப் மூடியது, பேட்டை மூடவில்லை

பங்குச் சந்தை சரியும்போது நம்பிக்கையை எதன் மேல் வைக்கலாம் என்று கேட்பவருக்குச் சென்னையின் பாடி, அம்பத்தூர் தொழிற்சாலைகளின் வரலாறு தெளிவான விடை தருகிறது. 1949-இல் முருகப்பா குடும்பம் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1959-இல் அம்பத்தூருக்கு டன்லப் டயர் ஆலை வந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா எல்லாம் எழுந்தன. 1960களில் அரசு தொழிற்பேட்டையை அமைத்ததும், இந்தப் பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகள் தெருத்தெருவாகப் பெருகின. அன்றைக்கு எந்தப் பங்கு பத்திரமானது என்று கேட்டிருந்தால் பலரும் டன்லப்பைத்தான் சொல்லியிருப்பார்கள். உலகமறிந்த பெயர், வெள்ளைக்காரர் நிர்வாகம், லாரி உள்ளவரை டயர் விற்கும் என்ற உறுதி. அந்த டன்லப்தான் அழிந்தது. 1980களில் தொழிலதிபர் சாப்ரியா கைக்குப் போய், நலிந்து, 2005-இல் ருயா குழுமம் வாங்கிய பிறகும் தேறாமல், கடைசியில் கம்பெனியைக் கலைக்கும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதைச் சந்தையின் குற்றம் என்றோ டயர்த் தொழிலின் குற்றம் என்றோ தள்ளிவிட முடியாது. அதே சென்னையில், திருவொற்றியூரில், 1961-இல் பொது நிறுவனமான எம்.ஆர்.எஃப். அதே டயரைத்தான் செய்தது. 2023 ஜூனில் அதன் ஒரு பங்கின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. விலை இறங்கியபோது 'எப்படியும் ஏறும்' என்று டன்லப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கும் எம்.ஆர்.எஃப்.பை வைத்திருந்தவருக்கும் இருந்த நம்பிக்கை ஒன்றேதான். ஆகவே ஒரு கம்பெனியின் மேல் வைக்கும் நம்பிக்கையை நான் ஆதரிக்க மாட்டேன். பேட்டையின் மேல் வைக்கும் நம்பிக்கை வேறு. டன்லப் போன பிறகும் அம்பத்தூர் நிற்கிறது. பட்டறைகளுக்கு நடுவே இன்று கணினி நிறுவனங்களும் இயங்குகின்றன. அதுபோலவே, பல தொழில்களில் பரந்து கிடக்கும் முதலீட்டில் ஒரு பங்கு பூஜ்யமானால் அதில் போட்ட பணம்தான் போகும். பிழைத்த ஒன்று பல மடங்காக வளர இடமுண்டு. கணக்கு நம் பக்கம் சாய்வது இதனால்தான்.

பிழைத்தவற்றை மட்டும் பார்த்துப் பேசுகிறாய் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. எது பிழைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் பரப்பி வைக்கச் சொல்கிறேன். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: பரப்பி வைத்தவரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததே? உண்மை. 2009 மார்ச்சில் 8,160-க்கு விழுந்த சென்செக்ஸ் 2010 நவம்பரிலேயே 21,000-ஐத் தொட்டது என்பதைச் சொல்லி ஆறுதல் தருகிறவர்கள், பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் காலத்தை மறைக்கிறார்கள். 1992 ஏப்ரலில் 4,467-ஐத் தொட்ட அதே குறியீடு, பதினோரு ஆண்டுகள் கழித்து, 2003 ஏப்ரலில் 3,000 அளவில் கிடந்தது.

ஆனால் அந்தப் பதினோரு ஆண்டுகளில் பாடி தூங்கவில்லை. லாரி விற்பனை படுத்திருந்த 1998-இல்தான் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. பின்னாலும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில், வாகனச் சந்தை மந்தத்தில், அதே நிறுவனம் பாடி ஆலைக்கு வேலையில்லா நாட்களை அறிவித்தது. அதற்காக அப்போது ஆலை மூடப்பட்டுவிடவில்லை. கொரோனா ஆண்டான 2020-இல், மோசடியால் சீர்குலைந்திருந்த மின்சாதன நிறுவனமான சி.ஜி. பவரை வாங்கியது, டி.ஐ. சைக்கிள்ஸாக அம்பத்தூரில் சைக்கிள் செய்து வளர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். விலைப்பட்டியல் சிவந்து கிடக்கும் நாட்களில் இந்த வேலைகள் கண்ணில் படுவதில்லை.

எனவே அடுத்த சில ஆண்டுகளில் கல்யாணத்துக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ தேவைப்படும் பணத்தைச் சந்தையில் போடாதீர்கள். பத்தாண்டுக்கு மேலும் பொறுக்கக்கூடிய பணத்தைப் பல தொழில்களில் பரப்பி வைத்திருந்தால், சரிவைக் கண்டு விற்றுவிடாதீர்கள்.