நாடாப்புழுவின் வரலாறு

நோய் வந்தால் விலங்கின்மீது பழி சுமத்துவது மனிதனின் பழைய வழக்கம். பிளேக் என்றால் எலி, வெறிநோய் என்றால் நாய், நாடாப்புழு என்றால் பன்றி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நாடாப்புழுவின் வரலாற்றை ஆராய்ந்தால், பன்றிக்கு அந்நோயைக் கொடுப்பவன் மனிதனே என்பது புலப்படும். இவ்வுண்மையை அறிய உலகிற்கு நெடுங்காலம் பிடித்தது.

பன்றியின் தசையில் ஆலங்கட்டி போன்ற சிறு நீர்ப்பைகள் காணப்படுவதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். மனிதக் குடலில் பல முழம் வளரும் நாடாப்புழுவையும் பண்டையோர் அறிந்திருந்தனர். இரண்டும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பதை மட்டும் எவரும் உணரவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலும் குடற்புழுக்கள் உடலுக்குள் தாமாகவே தோன்றுகின்றன என்று நம்பிய கல்விமான்கள் பலர் இருந்தனர்.

1853-ஆம் ஆண்டில் பெல்ஜிய விஞ்ஞானி வான் பெனடன் மனிதனின் நாடாப்புழு முட்டைகளை ஒரு பன்றிக்கு ஊட்டினார். பின்னர் அதன் தசையில் நீர்ப்பைகளைக் கண்டார். வட்டத்தின் ஒரு பாதி தெளிவாயிற்று.

மறுபாதியைத் தெளிவாக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் கூக்கென்மைஸ்டர். 1855-ஆம் ஆண்டில், மரண தண்டனை பெற்ற கைதி ஒருவனின் உணவில் பன்றியின் நீர்ப்பைகளை அவர் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறியபின் அவனது குடலில் இளம் நாடாப்புழுக்கள் காணப்பட்டன. 1860-ஆம் ஆண்டில் முடிவுற்ற மற்றொரு சோதனையில், 40 நீர்ப்பைகளை உண்ட கைதியின் குடலில் 19 புழுக்கள் கிடைத்தன. சாவை எதிர்நோக்கியிருப்பவனை இவ்வாறு பயன்படுத்தலாமா என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. இன்றைய மருத்துவ அறம் இச்செயலை ஏற்காது. எனினும் பன்றியிறைச்சியை நன்கு வேகவைக்க வேண்டும் என்னும் அறிவுரை இதனால் உறுதி பெற்றது.

வரலாற்றின் அடுத்த கட்டம் இந்தியாவைச் சார்ந்தது. இங்கே பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு, சில ஆண்டுகள் சென்றபின் காக்காய்வலிப்பு கண்டது. 1930-களில் இராணுவ மருத்துவர் மக்கார்தர் அதன் காரணத்தை விளக்கினார். அவர்களின் மூளையில் பன்றித் தசையில் காணப்படும் அதே நீர்ப்பைகள் இருந்தன. இத்தகைய 450 நோயாளிகளைப் பற்றிய விரிவான ஆய்வு 1961-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இந்நீர்ப்பைகள் மூளையை அடைவது எவ்வாறு? வேகாத பன்றியிறைச்சியை உண்பவனுக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அப்புழுவின் ஒவ்வொரு முற்றிய கணுவிலும் சுமார் 50,000 முட்டைகள் உண்டு. அவை மலத்துடன் வெளியேறுகின்றன. திறந்தவெளியில் அம்மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் நீர்ப்பைகள் உண்டாகின்றன. அதே முட்டைகள் கழுவாத கை, காய்கறி, குடிநீர் ஆகியவற்றின் வழியே மனித வயிற்றை அடைந்தாலோ, மனிதன் பன்றியின் நிலையை அடைகிறான். நீர்ப்பைகள் அவனது தசையிலும் கண்ணிலும் மூளையிலும் தங்குகின்றன.

ஆகவே, "நாங்கள் சைவர்கள், எங்களுக்கு இந்நோய் வாராது" என்று எண்ணுவது பொருந்தாது. நியூயார்க் நகரில், பன்றியிறைச்சியை மதக் கட்டளையால் விலக்கிய யூத சமூகத்தினர் சிலருக்கே இந்நோய் கண்டதை 1992-ஆம் ஆண்டு அறிக்கையொன்று எடுத்துரைத்தது. அவர்தம் இல்லங்களில் பணிபுரிந்தோர் சிலரின் குடலில் இருந்த புழுவே காரணம் எனக் கருதப்பட்டது. நம் வேலூர் மாவட்டத்தில் நிகழ்ந்து 2006-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது.

பிழைப்பின் நிமித்தம் பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் விடுதிகளிலும் பிறர் கையாலும் உண்கின்றனர். சமைப்பவரை ஐயுறுவதால் பயன் இல்லை. நாடாப்புழு உடையவரும் நோயாளியே; ஒரே வேளை மருந்தில் பெரும்பாலும் குணமடையக் கூடியவர். அவருக்குச் சிகிச்சையும், கழிப்பிடமும், கைகழுவத் தண்ணீரும் சோப்பும் கிடைக்கச் செய்வது நம் கடமை. வலிப்பு கண்டவரைப் பேய் பிடித்தவர் என ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அத்தகைய கடமையே. பன்றிக்குத் தடுப்பூசியும் இன்று வந்துவிட்டது. ஆயினும், மனிதக் கழிவு பன்றியின் வாயையும் நம் கீரைப் பாத்தியையும் எட்டாதவாறு தடுக்கும் பொறுப்பு மனிதனையே சார்ந்தது.